தள்ளுபடியான பதினான்கு விண்ணப்பங்கள்

ஆஸ்பத்திரியின் கணினி அறையில் அவளைச் ‘சிவப்பக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் மாநிறம்தான். இணையதளத்தில் யாராவது ஃபாரத்தைத் தப்பாக நிரப்பினால் மேலே சிவப்பு எழுத்தில் ஒரு வரி வருமே, அந்த வரிகளை எழுதுகிறவள் அவள். ‘பெயர் கட்டாயம்.’ ‘தேதி சரியில்லை.’ ‘இந்தக் கட்டத்தைக் காலியாக விடக்கூடாது.’ ஒன்பது வருஷமாக அதுதான் வேலை. எது உள்ளே போகலாம், எது போகக்கூடாது என்று விதி எழுதுவது. வீட்டில் புருஷன் கேலி செய்வான். அவன் லிஃப்ட் மெக்கானிக். “நான் ஜனங்களை மேல ஏத்தறேன். நீ வாசல்லயே நிறுத்தற.”

அவளும் சிரித்துக்கொள்வாள். வேலையில் அவளுக்குப் பெருமை உண்டு. அறைக்கு மேலதிகாரியாக இருந்தவர் எந்த வாக்கியத்தையும் ஒரு பெருமூச்சு விட்டுத்தான் ஆரம்பிப்பார். அதனால் அவருக்குப் பெயரே பெருமூச்சு. அவரே ஒருநாள் மூச்சு விடாமல், “உன் ஃபாரம் மாதிரி சுத்தமான ஃபாரம் நான் பார்த்ததில்லை” என்று சொல்லியிருக்கிறார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஊரெல்லாம் காய்ச்சல் பரவியது. ஆஸ்பத்திரியின் தொலைபேசி இணைப்புகள் மொத்தமும் அடைத்துக்கொண்டன. நர்சுகள் ஆக்ஸிஜன் சிலிண்டரோடு வீடு வீடாகப் போனார்கள். வீட்டுக்கு வரச் சொல்லிக் கேட்பதற்கு இணையதளத்தில் ஒரு ஃபாரம் போட்டார்கள். முதல் வாரம் குப்பை வந்து கொட்டியது. விளையாட்டுக்குப் போட்டவர்கள், எண்ணை அரைகுறையாக அடித்தவர்கள். நர்சுகள் தவறான எண்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சலித்தார்கள். பெருமூச்சு அவளைக் கூப்பிட்டு, “ஏதாவது பண்ணும்மா” என்றார். அவள் ஒரு மத்தியானத்தில் விதிகளை இறுக்கினாள். கைபேசி எண் பத்து இலக்கம்தான் இருக்கவேண்டும். ஒன்று கூடவும் கூடாது, குறையவும் கூடாது. நோய் விவரக் கட்டம் காலியாக இருக்கக்கூடாது. மறுநாளிலிருந்து குப்பை நின்றது. தினமும் சாயங்காலம் ஓர் அறிக்கை போகும்: இத்தனை ஏற்கப்பட்டன, இத்தனை தடுக்கப்பட்டன. தடுத்த எண்ணிக்கை கூடக்கூட அவளுக்குப் பாராட்டு.

காய்ச்சல் அடங்கியது. ஃபாரத்தை எடுத்துவிட்டார்கள். எல்லாரும் மறந்தார்கள்.

இந்த வருஷத் தொடக்கத்தில் பழைய சர்வரிலிருந்து புதியதுக்கு மாறும் வேலை வந்தது. எதை எடுத்துப்போவது, எதை அழிப்பது என்று பார்க்கச் சொன்னார்கள். ஒரு திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு, ஜன்னல் வழியே வெயில் மேஜையில் விழுந்துகொண்டிருக்கும்போது, அவள் ஒரு கோப்பைத் திறந்தாள். தடுக்கப்பட்ட விண்ணப்பங்களின் கோப்பு. யார் என்ன அடித்தார்கள், எந்த விதியில் மாட்டினார்கள் என்று அது பாட்டுக்குப் பதிந்துகொண்டே வந்திருந்தது. யாரும் அதைத் திறந்ததில்லை. அவளும்தான்.

அழிப்பதற்கு முன்னால் சும்மா ஒரு பக்கம் பார்த்தாள். ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தது. பதினோரு இலக்கம், முன்னால் ஒரு சைபர். மத்தியானம் மூன்று பத்துக்கு முதல் தடவை. விவரக் கட்டத்தில் இப்படி இருந்தது:

‘என் மனைவிக்கு நாலு நாளாகக் காய்ச்சல். நேற்றிலிருந்து மூச்சு விடக் கஷ்டப்படுகிறாள். பேசும்போது இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்துகிறாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். மாடி வீடு, படி குறுகல். தயவுசெய்து யாரையாவது அனுப்புங்கள்.’

தள்ளுபடி. காரணம்: கைபேசி எண் பத்து இலக்கம் இல்லை.

மூன்று பதினேழுக்கு மறுபடியும் அதேதான், வார்த்தை மாறாமல். தள்ளுபடி. மூன்று இருபத்து நாலுக்கு ‘நாலு நாளாக’ போய்விட்டது. அடுத்ததில் படி குறுகல் என்பது போய்விட்டது. ஏழாவதில், ‘மனைவிக்கு மூச்சுத் திணறல். மாடி வீடு. யாராவது வாங்க.’ பத்தாவதில், ‘மூச்சுத் திணறல் வாங்க.’ பதின்மூன்றாவதில், ‘மூச்சு’. பதினான்காவது நாலு முப்பத்திரண்டுக்கு. அந்தக் கட்டத்தில் ஒரே ஒரு புள்ளி.

அவளுக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. விளங்காமல் இருந்திருந்தால் தேவலை. சிவப்பு வரி பக்கத்தின் உச்சியில் வரும்படி அவள் வைத்திருந்தாள். கணினியில் பார்க்கிறவனுக்கு அது கண்ணில் படும். சின்னக் கைபேசியில் பார்க்கிறவனுக்கு ‘அனுப்பு’ பொத்தான் இருக்கும் அடிப்பகுதிதான் தெரியும். தப்பு வந்தால் நிரப்பியதெல்லாம் அழிந்துவிடும்படியும் அவள்தான் விட்டுவைத்திருந்தாள், அவசரத்தில். அந்த மனிதர் பார்த்ததெல்லாம் காலியான கட்டங்கள் மட்டும். காரணம் தெரியாமல் பதினான்கு தடவை முதலிலிருந்து அடித்திருக்கிறார்.

முன்னால் இருக்கும் சைபரைத் தள்ளிவிட்டுப் படிக்கும்படி எழுத எவ்வளவு நேரம் ஆகும் என்று, ஏன் என்று தெரியாமலே, அங்கேயே உட்கார்ந்து எழுதிப் பார்த்தாள். நாலு நிமிஷம்.

அன்றைய சாயங்கால அறிக்கையையும் தேடி எடுத்தாள். ‘தடுக்கப்பட்ட குப்பை விண்ணப்பங்கள்: 41.’ கீழே பெருமூச்சு கைப்பட எழுதியிருந்தார்: ‘அருமை.’ அந்த நாற்பத்தொன்றில் பதினாலு இது. நர்சுகள் எந்தெந்த வீட்டுக்குப் போனார்கள் என்று குறித்த புத்தகத்தையும் திறந்தாள். அதே தெருவில் இரண்டு வீடுகளுக்கு அன்று ஐந்து மணிக்குப் போயிருக்கிறார்கள். கையில் சிலிண்டரோடு.

அதற்குப் பிறகு அவளுக்கு நிம்மதி போய்விட்டது. பகலில்தான் அதிகம். அரிசி களையும்போது, பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும்போது, அந்த வாக்கியம் காதில் தேயும். முழுசாக ஆரம்பிக்கும், ஒவ்வொரு வார்த்தையாக உதிரும். யாரோ பக்கத்து அறையில் படித்துக்கொண்டே மூச்சு வாங்குகிற மாதிரி. கடைசியில் சத்தமே இருக்காது. அதுதான் மோசம். சமையலறையில் குழாய் சொட்டினால் திரும்பிப் பார்ப்பாள். யாராவது கைபேசியைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போய் எட்டிப் பார்க்கத் தோன்றும்: உள்ளே போகிறதா, அழிகிறதா?

“பேயடிச்ச மாதிரி இருக்க. என்ன ஆச்சு?” என்றான் புருஷன்.

சொன்னாள். அவன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டான். “அந்தம்மா இருக்காங்களா, இல்லையா?”

“தெரியலை.”

“தெரிஞ்சு என்ன பண்ணப் போற? இல்லைன்னு சொன்னா தாங்குவியா?”

“அந்த ஆள் என்ன நெனச்சுக்கிட்டு இருக்காரோ? அதைத்தான் என்னால தாங்க முடியலை.”

அவன் தட்டை மறுபடி இழுத்துக்கொண்டான். பிறகு, “உன் இஷ்டம். ஆனா கூப்பிடறதுன்னா சும்மா கூப்பிடாத, பேசு” என்றான்.

அவள் சும்மாதான் கூப்பிட்டாள். சைபரை விட்டுவிட்டு மீதிப் பத்து இலக்கத்தை அழுத்தியதும் இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள். ஓர் ஆண் குரல், “சொல்லுங்க” என்றது. அவள் வைத்துவிட்டாள். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் வைத்த கையோடு அந்த எண்ணிலிருந்தே கூப்பிட்டார்கள்.

“யாருங்க அது? மூணு தடவை கூப்பிட்டு வெச்சிட்டீங்க. கண்ணாடி வேணுமா?”

“ஆமாங்க,” என்றாள். வாயில் வந்தது அதுதான். “குளிக்கற ரூமுக்கு.”

“அளவு சொல்ல வேணாம், தப்பா சொல்வீங்க. செவுத்தை அளந்து ஒரு நூல்ல முடிச்சு போட்டுக் கொண்டாங்க.” கடை இருக்கும் இடத்தைச் சொன்னார்.

போகாமல் இருந்திருக்கலாம். ஒரு சனிக்கிழமை காலை நூலோடு போய் நின்றாள். கீழே கடை, மேலே வீடு; பக்கத்தில் ஒரு குறுகலான படி. பலகையில் பெயிண்டில் எழுதிய தொலைபேசி எண். முன்னால் கொழுகொழுவென்று ஒரு சைபர். வெகுகாலத்துக்கு முன்னால் பலகை எழுதியவன் போட்டது. பில் புத்தகத்திலும் அதே சைபர். அவர் எண்ணை எங்கே எழுதினாலும் அப்படித்தான் எழுதுவார் என்று பார்த்ததுமே தெரிந்தது.

கண்ணாடிக்காரருக்கு ஐம்பத்தைந்து இருக்கும். உள்ளங்கை முழுக்கப் பழைய கீறல்கள். நூலை அளவுகோலில் வைத்து, “பதினெட்டும் அரையும்” என்று சொல்லிக் குறித்துக்கொண்டார். மேஜையில் பொத்தான் வைத்த பழைய மாடல் கைபேசி கிடந்தது. கடை முழுக்கச் சுவரோரம் கண்ணாடிகள் சாய்த்து வைத்திருந்ததால் எந்தப் பக்கம் திரும்பினாலும் தன் முகமே எதிரில் வந்தது. அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, “ரெடியானதும் போட்டோ அனுப்பறீங்களா?” என்று கேட்டாள். வாயைப் பிடுங்கத்தான் கேட்டாள். அதற்காகப் பின்னால் வெட்கப்பட்டாள்.

“அந்த ஃபோனெல்லாம் இல்லம்மா. ஒண்ணு இருந்தது, தூக்கிப் போட்டுட்டேன். அதுக்கும் எனக்கும் ஆகாது.” அளவுகோலைத் துடைத்தார். “மில்லிமீட்டர் பிசகாம முப்பது வருஷம் கண்ணாடி வெட்டறேன். ஒரு ஃபாரம் நெரப்பத் தெரியாமப் போச்சு எனக்கு.”

அவரே பேசினார். வாடிக்கையாளர்களிடம் பேசிப் பேசித் தேய்ந்த கதை இல்லை அது. எங்கெங்கோ நின்று நின்று வந்தது.

“காய்ச்சல் சமயம். வீட்டுக்காரிக்கு முடியலை. ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போகவே மாட்டேங்குது. ஃபாரம் போட்டா வருவாங்கன்னாங்க. போட்டேன். போட்டுப் போட்டு அழிஞ்சு போச்சு. என்ன தப்புன்னே தெரியலை. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கிட்டுப் பார்த்தேன், கழட்டிட்டுப் பார்த்தேன். கடைசியா அவதான் சொன்னா, ‘காலியாச்சுன்னா போய்ச் சேர்ந்துடுச்சுன்னு அர்த்தமா இருக்கும், விடுங்க’ன்னு. சரின்னு விட்டேன். இந்தப் படியில உக்காந்துக்கிட்டேன், வர்றவங்களுக்கு வழி காட்டணுமே. வெளக்கு வெச்சாச்சு, யாரும் வரலை. கண்ணாடி ஏத்தற வண்டியில பஞ்சு மெத்தை போட்டு நானே கொண்டுபோனேன். ரெண்டு நாள்தான் இருந்தா.”

“உங்க தப்பு இல்லைங்க,” என்றாள்.

“எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. என் பொண்ணு சொல்லலை. வெளியூர்ல வேலை. வந்தா, கேட்டா, ‘ஒரு ஃபாரம் நெரப்பத் தெரியாதாப்பா உனக்கு’ன்னு ஒரே வார்த்தை. அப்புறம் பேசறதில்லை. அவ கேட்டதுல என்ன தப்பு? பத்துப் பன்னெண்டு தடவை அடிச்சேன், ஒரு தடவையாவது சரியா அடிச்சிருக்க வேணாமா?”

“பதினாலு,” என்றாள் அவள்.

அவர் நிமிர்ந்தார்.

“பதினாலு தடவை. மூணு பத்துக்கு ஆரம்பிச்சு நாலு முப்பத்திரண்டு வரைக்கும்.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். நின்றுகொண்டே சொன்னாள். அவர் குறுக்கே பேசவில்லை. முடிந்ததும் ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்துத் தன் எண்ணை எழுதினார், முன்னால் சைபரோடு. பென்சில் நுனியை அதன்மேல் வைத்தார்.

“இதுவா?”

“அதுதான்.”

“வேற எல்லாம் சரியா இருந்ததா? பேரு, விலாசம், எல்லாம்?”

“எல்லாம் சரியா இருந்தது. ஒரு எழுத்துப் பிழை கூட இல்லை.”

“இதை நீங்களே தள்ளிட்டுப் படிச்சிருக்கலாமே.”

“படிச்சிருக்கலாம். நாலு நிமிஷ வேலை. எனக்குத் தோணலை.”

அவர் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் ஒரு வண்டி போனது. கண்ணாடிகள் எல்லாம் லேசாக அதிர்ந்தன. “கிளம்புங்கம்மா,” என்றார். கோபமாகக்கூட இல்லை. அவள் கிளம்பினாள்.

சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தாள். இறங்கவில்லை. இதுவரை எழுத்தாக இருந்ததுக்கு இப்போது ஒரு குரலும் வந்து சேர்ந்துகொண்டது. ‘போய்ச் சேர்ந்துடுச்சுன்னு அர்த்தமா இருக்கும், விடுங்க.’ கேட்டே இராத ஒரு பெண்ணின் குரல், இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை நின்று.

ஒன்பது நாள் கழித்து அவர் கூப்பிட்டார். “அந்தப் பதினாலையும் பேப்பர்ல எடுத்துத் தருவீங்களா? சொந்தக்காரங்களை விட்டுப் பொண்ணை வரச்சொல்லியிருக்கேன். நான் சொன்னா நம்பமாட்டா.”

அலுவலகத்தில் ஒரு துண்டுத்தாளைக்கூட வெளியே எடுத்துப்போகக் கூடாது. அவள் நேரே பெருமூச்சிடம் போனாள். விஷயத்தைச் சொன்னாள். அன்றைக்கு அவர் பெருமூச்சு விடவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

“அந்தக் கோப்பை அழிக்கத்தானே சொன்னேன்?”

“அழிக்கலை சார்.”

“அந்த அறிக்கையில கையெழுத்துப் போட்டது நான்னு தெரியுமா உனக்கு? அருமைன்னு வேற எழுதியிருக்கேன்.”

“தெரியும் சார். விதி எழுதினது நான்.”

அவர் நாற்காலியைத் திருப்பி ஜன்னல் பக்கம் பார்த்து உட்கார்ந்தார். “அது அவர் எழுதினது. அவருக்குக் குடுக்கறதை நான் தடுக்கலை. ஆனா நான் குடுக்கச் சொன்னேன்னும் சொல்லாத.”

ஞாயிற்றுக்கிழமை கடையில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். மகளுக்கு முப்பது வயசு இருக்கும். கைப்பையைக்கூட மடியிலிருந்து இறக்கவில்லை. மகள் தாள்களை ஒவ்வொன்றாகப் படித்தாள். நாலாவது தாளில் வேகம் குறைந்தது. ஏழாவதில் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கடைசித் தாளை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தாள்.

“இது என்ன? அச்சு சரியா விழலையா?”

“புள்ளி. அந்தக் கட்டத்தைக் காலியா விட்டா ஏத்துக்காது. அதுவும் என் விதிதான். அப்பா அதுக்காக ஒண்ணு வெச்சிருக்காங்க.”

மகள் அப்பாவைப் பார்த்தாள். அவர் மேஜையின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு இவள் பக்கம் திரும்பினாள். “அன்னைக்கு ஆள் வந்திருந்தா அம்மா பொழச்சிருப்பாங்களா?”

வழி நெடுக இவள் பயந்துகொண்டு வந்த கேள்வி. “தெரியாது. ஆனா ஆள் இருந்தாங்க. அஞ்சு மணிக்கு இதே தெருவுல ரெண்டு வீட்டுக்கு வந்திருக்காங்க. புத்தகத்துல இருக்கு.”

“அஞ்சு மணிக்கு,” என்றார் கண்ணாடிக்காரர். “ஆமா. ஒரு வெள்ளை வண்டி போச்சு. நம்ம வீட்டுக்குத்தான்னு எந்திரிச்சு நின்னேன்.”

மகள் எழுந்தாள். தாள்களைச் சேர்த்து மார்போடு வைத்துக்கொண்டாள். “நான் இதை விடப்போறதில்லை. எழுத்துல புகார் குடுப்பேன்,” என்றாள் இவளிடம். “உங்க பேரும் வரும்.”

“வரணும்,” என்றாள்.

“வாப்பா,” என்றாள் மகள். இரண்டு வருஷத்தில் அப்பாவிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் அவருக்கு உடனே எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு பேரும் அந்தக் குறுகல் படியில் முன்னும் பின்னுமாக ஏறிப் போனார்கள். மேலே கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அவள் கடையில் தனியாகச் சற்று நேரம் நின்றுவிட்டு வெளியே வந்தாள்.

புகார் வந்தது. விசாரணை வைத்தார்கள். ஆஸ்பத்திரியின் வக்கீல் ‘தொழில்நுட்பக் கோளாறு’ என்று எழுதிக் கொடுத்ததில் அவள் கையெழுத்துப் போட மறுத்தாள். “கோளாறு இல்லை, எழுதினபடிதான் வேலை செஞ்சது” என்று வாக்குமூலம் கொடுத்தாள். மூன்று மாதத்தில் அவளை வேலையிலிருந்து எடுத்தார்கள். பெருமூச்சு இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

அந்த மூன்று மாதத்தில் அவள் இன்னொரு காரியம் செய்தாள். கோப்பில் கண்ணாடிக்காரரைப் போல முப்பத்தேழு பேர் இருந்தார்கள், திரும்பத் திரும்ப முயன்று வெளியே நின்றவர்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். இருபதுக்கும் மேற்பட்டவர்களுக்கு அது நினைவே இல்லை. குணமாகிவிட்டார்கள், அல்லது வேறு இடத்துக்குப் போய்விட்டார்கள். ஒருவர் காது கிழியத் திட்டினார். ஒரு பெண் கேட்டுவிட்டு, “அப்ப நான் தப்பா போடலையா?” என்று மூன்று தடவை கேட்டாள், மூன்றாவது தடவை அழுதுவிட்டாள். ஆறு எண்களில் எடுக்க ஆளே இல்லை. அந்த ஆறையும் அவள் மனப்பாடமாக வைத்திருக்கிறாள்; வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கவில்லை, போகமாட்டேன் என்கிறது.

கண்ணாடிக்காரர் அப்புறம் கூப்பிடவில்லை. விசாரணைத் தேதி கேட்க மகள்தான் ஒருமுறை பேசினாள். நறுக்கென்று பேசினாள். பேச்சுக்கு நடுவில் பின்னால் ஆண் குரல், “டப்பா மூடி எங்கம்மா வெச்ச?” என்றது. மகள், “உன் கைக்கு எதிரதான்பா இருக்கு, நல்லா பாரு” என்று சொல்லிவிட்டு, இவளிடம் மறுபடி அதே கறார்க் குரலில் தேதியைக் கேட்டாள். மன்னித்தேன் என்றெல்லாம் அவள் சொல்லவில்லை. இவளும் கேட்கவில்லை.

இப்போது அவளுக்குக் குடிநீர் அலுவலகத்தில் வேலை. குழாய் உடைந்தது, தண்ணீர் வரவில்லை என்று ஜனங்கள் போடும் ஃபாரம் அவள் பொறுப்பு. அங்கே சிவப்பு வரி அந்தந்தக் கட்டத்துக்குப் பக்கத்திலேயே வரும். அடித்தது எதுவும் அழியாது. காலையில் போனதும் பையை வைப்பதற்கு முன்னால் முந்தின நாள் தள்ளுபடியானவற்றைத்தான் படிப்பாள். யாராவது இரண்டு தடவைக்கு மேல் முயன்றிருந்தால் கூப்பிட்டுவிடுவாள். பக்கத்து மேஜைக்காரர்கள் இது கொஞ்சம் கிறுக்கு என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

போன வாரம் ஒரு அம்மாளைக் கூப்பிட்டாள். மூன்று தடவை தடைபட்டவர். “அதான் நாலாவது தடவை போயிடுச்சே, நீங்க வேற ஏன் காலங்காத்தால?” என்று அவர் சலித்துக்கொண்டார். “சரிங்கம்மா, மன்னிச்சுக்கங்க,” என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்தாள். பட்டியலில் அடுத்த பெயருக்குப் போனாள்.